ஒளியின் விலை: கடலூர், சிதம்பரம் நகரங்களின் மின்சார வரலாறு

மாலை மயங்கியதும் கடலூரிலும் சிதம்பரத்திலும் தெருவிளக்குகள் எரிகின்றன. அவ்வொளியை முதலில் பெற்றவர் யார், அதற்கு விலை கொடுத்தவர் யார் என்னும் வினாக்களுக்கு விடை காண, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

கடலூர் 1866-ஆம் ஆண்டிலும் சிதம்பரம் 1873-ஆம் ஆண்டிலும் நகராட்சிகளாயின. சாலை, துப்புரவு ஆகியவற்றோடு தெருவிளக்கும் நகராட்சியின் கடமையாயிற்று. மண்ணெண்ணெய் பரவிய காலத்தில், கம்பங்களின்மேல் கண்ணாடிக் கூண்டு விளக்குகள் நின்றன. நகராட்சி ஊழியர் ஏணியும் எண்ணெயும் சுமந்து சென்று அவற்றை ஏற்றி வந்தார். நிலவுள்ள இரவுகளில் எண்ணெய்ச் செலவை மிச்சப்படுத்த விளக்கேற்றாது விடுவதும் அக்கால நகராட்சிகள் பலவற்றின் வழக்கம். பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் சமண இல்லங்களிலும், பிள்ளைகள் பாடம் படிக்க எண்ணெய் விளக்கே துணையாயிருந்தது.

கல்கத்தாவின் தெருக்களில் 1857-இலேயே எரிவாயு விளக்குகள் எரிந்தன. நிலக்கரியை மூடிய கலன்களில் சுட்டு, வரும் வாயுவைக் குழாய் வழியே அனுப்பும் முறை அது. அருகில் நிலக்கரி கிடைத்த கல்கத்தாவுக்கு அது எளிது. தென்னாட்டுச் சிறு நகரங்களுக்கு எட்டாதது. இங்குள்ள மக்கள் ‘கியாஸ் லைட்’ என்றழைத்தது, திருமண ஊர்வலங்களில் தலையில் சுமந்து செல்லப்பட்ட பெட்ரோமாக்ஸ் விளக்கையே. பெயரில்தான் வாயு, உள்ளே எரிந்தது மண்ணெண்ணெய்.

மின்சாரம் வேறு வழியாக வந்தது. 1910-ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டம், ஒரு பகுதிக்கு மின்சாரம் வழங்கும் உரிமத்தைக் கம்பெனிகளுக்கோ நகராட்சிகளுக்கோ அளிக்க இடந்தந்தது. சென்னை மாகாண அரசு 1927-இல் மின்சாரத் துறையைத் தொடங்கியது. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையமும், 1937-இல் மேட்டூர் நீர்மின் நிலையமும் இயங்கத் தொடங்கின. மேட்டூர் மின்சாரம் சென்ற மாவட்டங்களுள் தென்னார்க்காடும் ஒன்று. அரசு ஆக்கிய மின்சாரத்தை வீடுகளுக்குக் கொண்டு சேர்க்கும் பணி பல இடங்களில் உரிமம் பெற்ற தனியார் கையில் இருந்தது. தென்னார்க்காடு மின்சார வினியோகக் கம்பெனி அத்தகைய ஒன்று.

கம்பெனிகள் கட்டணம் ஈட்டும் தெருக்களையே முதலில் நாடின. கடைவீதிக்கும் வசதி படைத்தோர் இல்லங்களுக்கும் கம்பி சென்றது. குடிசைப் பகுதிகளும் சுற்றுவட்டச் சிற்றூர்களும் காத்திருந்தன. இக்குறையைப் போக்க, மின்வினியோக நிறுவனங்களை அரசு ஏற்கும் சட்டம் 1949-இல் இயற்றப்பட்டது. ராஜமுந்திரிக் கம்பெனி தொடுத்த வழக்கில், அச்சட்டம் செல்லாது என 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் அதே ஆண்டில் புதிய சட்டம் வந்தது. தென்னார்க்காட்டுக் கம்பெனியும் அதன்படி அரசுடைமையாயிற்று. 1957-இல் சென்னை மாநில மின்சார வாரியம் அமைந்தபின், மின்கம்பங்கள் நகர எல்லையைத் தாண்டி வயல்வெளிகளை நோக்கி நடந்தன.

இதற்கிடையே இம்மண்ணே மின்சாரத்தின் பிறப்பிடமாயிற்று. 1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் தோண்டிய கிணற்றில் நீரோடு கரிய பொருளும் வெளிவந்தது. அது பழுப்பு நிலக்கரி என ஆய்வில் தெளிந்தது. 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்க வெட்டுப் பணியைத் தொடங்கி வைத்தார். நிலத்தடி நீரின் அழுத்தத்தை ஓயாது இறைத்துக் குறைத்தாலன்றிக் கரியை எடுத்தல் இயலாது. அவ்வருஞ்செயல் 1961-இல் கைகூடியது. மறு ஆண்டே, சோவியத் நாட்டின் துணையோடு அமைந்த அனல்மின் நிலையத்தின் முதல் அலகு மின்சாரம் தந்தது.

இவ்வொளிக்கு உழவர் குடும்பங்கள் நிலத்தையும் ஊரையும் விட்டுக் கொடுத்தன. அப்பூசல் இன்னும் ஓயவில்லை. 2023 ஜூலையில், சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்திற்கான கால்வாய் வெட்டும்போது வளர்ந்து நின்ற நெற்பயிர் அழிக்கப்பட்டமை பெருங்கொந்தளிப்பை எழுப்பியது. சிதம்பரத்து வீடுகளின் விளக்குகள் எரிய, அண்டை வயல்கள் கொடுக்கும் விலை இது.

ஒளி தரும் மாவட்டம் இருளில் ஆழ்ந்த காலமும் உண்டு. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூரைத் தாக்கியது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. நெய்வேலியின் நிழலிலேயே இருந்த ஊர்கள்கூட நாட்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன. அருகில் மின்சாரம் பிறப்பதால் மட்டும் வீட்டில் விளக்கு எரிவதில்லை; கொண்டு சேர்க்கும் கம்பியும் அதைக் காக்கும் உழைப்பும் வேண்டும் என்பதை அவ்விருள் உணர்த்தியது. பிற மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் இரவு பகலாகக் கம்பம் நட்டனர். பின்னர் உலக வங்கியின் உதவியோடு, கடலூர் நகரின் மின்கம்பிகளை மண்ணுக்கடியில் பதிக்கும் திட்டம் வகுக்கப்பட்டது.

ஏணி சுமந்த ஊழியர், நிலம் ஈந்த உழவர், கம்பம் நட்ட தொழிலாளர் ஆகியோரின் பெயர்கள் கல்வெட்டில் இல்லை. ஆளில்லாத அறையில் வீணே எரியும் விளக்கை அணைத்தல், அவர்களுக்குச் செலுத்தும் எளிய நன்றியாகும்.