கால் கிலோவாட் வரம்பும் ஒற்றைச் சக்கரமும்: விதி 2(யு)வுக்கு ஒரு மறுவாசிப்பு

மோட்டாரின் திறன் குறையக் குறைய ஆபத்தும் குறையும் என்பது சிறு மின்வண்டிகளைப் பற்றிய ஆய்வுகளில் கேள்வியின்றி நடமாடிவரும் கருத்து. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 2(யு) உட்பிரிவை அதற்குச் சான்றாகக் காட்டுவதும் வழக்கமாகிவிட்டது. ஸ்கூட்டருக்கும் மிதிவண்டிக்கும் அக்கருத்து பொருந்தும், அதில் தகராறில்லை. தன் சமநிலையைத் தானே காத்துக்கொள்ளும் ஒற்றைச் சக்கர மின்வண்டிக்கோ அது தலைகீழாகப் பொருந்துகிறது. அந்த வண்டியில் திறன்தான் பாதுகாப்புச் சாதனம். திறன் தீரும் கணமே விபத்து நிகழும் கணம். இப்படிக் கொண்டால் 2(யு)வை இதுவரை வாசித்துவந்த முறையைத் திருத்தியாக வேண்டும். ஒரகடத்தில் இயங்கும் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டரின் சோதனை மேசையில் புதியதோர் ஒற்றைச் சக்கர வண்டியை நாளை ஏற்றினால் எதை அளப்பது, எந்த அளவில் 'தேறியது' என்று எழுதுவது என்பதெல்லாம் இந்த வாசிப்பைப் பொறுத்தே அமையும்.

உட்பிரிவின் அமைப்பை முதலில் பார்க்கலாம். சாலையில் பயன்படத்தக்கதாய், மின்மோட்டாரால் மட்டுமே இயங்குவதாய், தன்னுள் பொருத்திய பேட்டரியிலிருந்தே ஆற்றல் பெறுவதாய் உள்ள வண்டியை அது 'பேட்டரி வாகனம்' என்கிறது. பின்னர் சில நிபந்தனைகளை விதி 126இல் குறித்த சோதனை நிறுவனம் சரிபார்த்து ஒப்பினால், அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது என்று விலக்களிக்கிறது. மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். அடுத்து, மிதித்து ஓட்டும்போது உதவும் மோட்டார் பொருத்திய மிதிவண்டிக்குத் தனி வாசகம் வருகிறது: வேகம் 25ஐ நெருங்கும்போது மோட்டாரின் வெளியீடு படிப்படியாகக் குறைந்து இறுதியில் அறுந்துவிட வேண்டும், ஓட்டுபவர் மிதிப்பதை நிறுத்தினால் அதற்கு முன்பே அறுந்துவிட வேண்டும். பிரேக், முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு என எதிரொளிப்பான்கள், பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்கு மிகாத எடை ஆகியவையும் பட்டியலில் உண்டு. திறனைக் குறை, எல்லை வந்தால் அறுத்துவிடு என்பதே இந்த உட்பிரிவின் உள்ளக்கிடக்கை என்று முந்தைய வாசிப்பு எடுத்துக்கொண்டது. அந்தக் கொள்கையின்படி 250 வாட்டில் அடங்கும் ஒற்றைச் சக்கரமே 'பாதுகாப்பான வடிவமைப்பு' என்ற முடிவுக்கும் வந்தது.

வாசகத்தைக் கவனமாகப் படித்தால் அந்தப் பொதுக்கொள்கை அங்கே இல்லை. 'படிப்படியாகக் குறைந்து அறுந்துவிடுதல்' மிதிவண்டிக்கு மட்டுமே விதிக்கப்பட்டது. காரணம் வெளிப்படை. மோட்டார் அறுந்த பிறகும் அங்கே ஓட்டுபவரின் கால்கள் உழைக்கின்றன, இரு சக்கரங்களும் உருள்கின்றன, வண்டி நிற்பதில்லை, விழுவதுமில்லை. துண்டிப்பு வேண்டும் என்று நினைத்த இடத்தில் அதை எழுதத் தெரிந்த விதியாளர்கள், முதல் இரு நிபந்தனைகளில் அதை எழுதவில்லை. எழுதாததை எழுதியதாகக் கொள்வது சட்ட வாசிப்பு ஆகாது. இந்த மௌனம் திட்டமிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஒற்றைச் சக்கர வண்டியை மனத்தில் வைத்து இந்த விதி எழுதப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆயினும் வாசகம் இடம் தருகிறது. அந்த இடத்தை நிரப்ப இயந்திரவியலைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும்.

உள்ளங்கையில் துடைப்பக்குச்சியை நிமிர்த்தி நிறுத்த முயலும் சிறுவனின் கை எப்படி ஓடுகிறது என்று பார்த்தால் பாதி விளங்கிவிடும். குச்சி முன்னே சாய்ந்தால் கை அதைவிட விரைவாக முன்னே ஓடி அடிப்பகுதியைத் தாங்க வேண்டும். ஒற்றைச் சக்கர வண்டியில் சக்கரமே அந்தக் கை. பக்கவாட்டுச் சமநிலையை ஓட்டுபவர் பார்த்துக்கொள்கிறார். முன்பின் சமநிலை முழுவதும் மோட்டாரின் பொறுப்பு. வேகத்தைக் குறைப்பதற்குக்கூடச் சக்கரம் முதலில் சற்றே வேகம் கூடி ஓட்டுபவரின் உடலுக்கு முன்னே போயாக வேண்டும். அப்போதுதான் உடல் பின்சாய்ந்து வண்டி தளரும். நிற்பதற்கும் திறன் வேண்டும் என்ற இந்த விசித்திரம் தற்சமநிலை வண்டிகளைத் தவிர வேறெந்தச் சாலை வண்டிக்கும் இல்லை.

கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ, வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்று கொள்வோம். சமதரையில் உருளல் உராய்வையும் காற்றுத் தடையையும் வெல்ல ஏறத்தாழ 150 வாட் போதும். 250 வாட் தாராளம் என்று முந்தைய வாசிப்புக்குத் தோன்றியது இதனால்தான். இருபதுக்கு ஒன்று என்ற சாய்வில் ஏறும்போது புவியீர்ப்புக்கு மட்டும் மேலும் 270 வாட் வேண்டும். வரம்பு அங்கேயே உடைந்துவிடுகிறது. அதே வேகத்திலிருந்து 5 மீட்டருக்குள் நிற்க வேண்டுமானால் வேகத்தளர்வு நொடிக்கு நொடி சுமார் 3.1 மீட்டர், விசை 300 நியூட்டனுக்குச் சற்று மேல், தொடக்கக் கணத்தில் சக்கர விளிம்பில் கையாள வேண்டிய திறன் சுமார் 1,700 வாட். இது வரம்பைப்போல் ஏழு மடங்கு. ஸ்கூட்டரில் இந்த 1,700 வாட்டைப் பிரேக் கட்டையோ டிஸ்க்கோ வெப்பமாக்கி விழுங்கிவிடும். மோட்டாருக்கு அதில் வேலையில்லை. வழக்கமான ஒற்றைச் சக்கர வண்டியில் தனிப் பிரேக் கிடையாது, மோட்டாரே பிரேக். ஆகவே மோட்டாரையும் கன்ட்ரோலரையும் கால் கிலோவாட்டுக்குள் கட்டிவைப்பது ஸ்கூட்டரின் பிரேக்கை ஏழில் ஒன்றாகத் தளர்த்துவதற்குச் சமம். இந்தத் தளர்வைப் பாதுகாப்பு என்று எந்தப் பொறியாளரும் ஒப்பமாட்டார்.

இது வெறும் ஏட்டுக்கணக்கு அல்ல என்பதற்குச் செக்வே சான்று. டீன் கேமன் 2001 டிசம்பரில் அறிமுகப்படுத்திய அந்த வண்டிக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரு சக்கரங்கள் உண்டு; ஆனால் முன்பின் சமநிலையைப் பொறுத்தவரை அது ஒற்றைச் சக்கரத்தின் உடன்பிறப்பு. மூன்று போதுமான இடத்தில் ஐந்து சுழல் உணரிகள், இரட்டைப் பேட்டரி, இரட்டைக் கட்டுப்பாட்டுப் பலகை என்று அதன் வடிவமைப்பாளர்கள் எதையும் ஒற்றையாக விட்டுவைக்கவில்லை. அப்படியிருந்தும் 2003 செப்டம்பரில், அதுவரை விற்ற சுமார் 6,000 வண்டிகளையும் திரும்ப அழைக்க நேர்ந்தது. பேட்டரி தீரும் தறுவாயில் ஓட்டுபவர் திடீரென வேகமெடுத்தாலோ தடையில் ஏறினாலோ போதிய திறன் கிடைக்காமல் வண்டி அவரைத் தள்ளிவிடக்கூடும் என்பதே காரணம். இதைப் 'பேட்டரிக் கோளாறு' என்று ஒரு வரியில் கடந்துபோவோர் உண்டு. எனக்கு அது பிழையான வாசிப்பாகவே படுகிறது. பேட்டரியில் கோளாறு எதுவும் இல்லை. தீர்ந்துவரும் பேட்டரி எப்படி நடந்துகொள்ளுமோ அப்படித்தான் அது நடந்துகொண்டது. அந்தக் கணத்துக்கு வேண்டிய மீதத்திறனை யாரும் ஒதுக்கிவைக்கவில்லை. உதிரி உறுப்புகளை எத்தனை இரட்டிப்பாக்கினாலும் மீதத்திறன் இல்லாத குறையை அவை ஈடுசெய்வதில்லை.

முப்பது நிமிடத் திறன் என்ற அளவையே இனி நெருங்கிப் பார்க்க வேண்டும். இந்திய வாகனத் தொழில் தரநிலையான ஏஐஎஸ்-041இன் வரையறைப்படி அது மின்னியக்கத் தொகுதி அரை மணி நேரம் சராசரியாகத் தாங்கித் தரும் திறன். வெப்பத்தின் அளவு என்றே சொல்லிவிடலாம். இரண்டு நொடிக்கு 1,700 வாட் கையாண்டு பிறகு 150 வாட்டில் ஓடும் வண்டியின் அரைமணிச் சராசரி வரம்புக்குள்ளேயே நிற்கும். ஆகவே கணநேர உச்சத்தை 2(யு) கட்டுப்படுத்தவில்லை என்பது என் துணிபு. இதிலும் ஒரு சிக்கல் உண்டு, மறைக்க விரும்பவில்லை. உச்சம் உயர்ந்த மோட்டாரின் அரைமணித் தாங்குதிறனும் இயல்பாக உயர்ந்தே இருக்கும். அதைக் கால் கிலோவாட்டுக்குள் வைக்கக் கன்ட்ரோலரின் மென்பொருள்தான் தலையிட வேண்டும். அது மோட்டாரின் கழுத்தை நெரித்துத் தலையிட்டால் நாம் தவிர்க்க முயன்ற விழுகையே நேரும். மிதிதட்டைப் பின்சாய்த்து ஓட்டுபவரை மெதுவாக்கும் முறை ஒன்றே எஞ்சுகிறது. அந்த முறையும் மாசற்றதல்ல. 2006 செப்டம்பரில் செக்வே இரண்டாம் முறை திரும்ப அழைக்கப்பட்டபோது பழி வேகக்கட்டுப்பாட்டுப் பின்சாய்வின் மீதே விழுந்தது: பின்சாயும் வேளையில் ஓட்டுபவர் இறங்கி உடனே மீண்டும் ஏறினால் சக்கரம் எதிர்த்திசையில் முறுக்கிற்று. அந்த முறை சுமார் 23,500 வண்டிகள். ஆனால் அது திருத்தக்கூடிய மென்பொருள் பிழை. இல்லாத முறுக்குவிசையை மென்பொருளால் உண்டாக்க முடியாது.

'உச்ச வேகம்' என்ற இரண்டாம் நிபந்தனையிலும் இதே இரட்டைப் பொருள் ஒளிந்திருக்கிறது. வண்டி ஓட்டுபவரைத் தடுக்கத் தொடங்கும் தடுப்பு வேகம் ஒன்று. மோட்டார் முறுக்குவிசையை முற்றிலும் இழக்கும் சரிவு வேகம் மற்றொன்று. இரண்டாவது, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுழலவிட்டால் அது எட்டும் வேகத்தை ஒட்டியது. பேட்டரியின் மின்னழுத்தத்தோடு ஏறியிறங்குவது. 24 கலங்களைத் தொடராக இணைத்த தொகுதி முழு மின்னேற்றத்தில் 100.8 வோல்ட் தரும். கலம் ஒன்றுக்கு 3.3 வோல்ட் என்று இறங்கும்போது 79.2 வோல்ட். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது, சுமையால் நேரும் தற்காலிக வீழ்ச்சியைச் சேர்க்காமலே. காலையில் புறப்பட்ட வண்டியும் மாலையில் திரும்பும் வண்டியும் பெயரளவில்தான் ஒன்று. 25 கிலோமீட்டரை முதற்பொருளில் வாசித்தால், சரிவு வேகத்தை அதற்கு மிக மேலே வைக்கும் வடிவமைப்பு சாத்தியமாகிறது. இரண்டாம் பொருளில் வாசித்தால், தடுப்பு வேகமும் சரிவு வேகமும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் வண்டியையே சட்டம் கேட்டு வாங்குகிறது.

அதிகத் திறனுக்கு இடம் கொடுத்தால் தயாரிப்பாளர்கள் வேகத்தைத் திறந்துவிடுவார்கள் என்ற ஆட்சேபம் எழும். எழட்டும். அதற்காகத்தான் வேக நிபந்தனை தனியே இருக்கிறது. ஒரு நிபந்தனையை மீறுவார்கள் என்று அஞ்சி இன்னொன்றைத் தவறாக வாசிப்பது முறையல்ல. ஒற்றைச் சக்கரம் எந்த வகுப்பிலும் வராது என்பாரும் உண்டு. மோட்டார் சைக்கிள் என்பது இரு சக்கர வாகனம் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வரையறுப்பது மெய்; அதனாலேயே இந்த வண்டி சட்டத்துக்கு வெளியே போய்விடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 168/2013 ஒழுங்குமுறை தற்சமநிலை வண்டிகளைப் பெயர் சொல்லியே விலக்கிவைத்தது. நம் விதி அவற்றைச் சுட்டவேயில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

துண்டிப்புக்கும் பாதுகாப்புக்கும் இடையிலான இந்த முரண் பேட்டரிச் சோதனையில் இன்னும் கூர்மையாகிறது. 2022 மார்ச்சில் வேலூரில் மின்னேற்றத்தில் இருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்துத் தந்தையும் மகளும் இறந்த துயரமும், அதே காலத்தில் நாட்டில் பிற இடங்களில் நேர்ந்த தீ விபத்துகளும் மின்வண்டிப் பேட்டரிகளுக்கான ஏஐஎஸ்-156 தரநிலையை இறுக்கச் செய்தன. அதன் மூன்றாம் திருத்தம் 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. அந்த இறுக்கம் நியாயமானது. ஒற்றைச் சக்கர வண்டியின் பேட்டரிக்கும் தீ ஒன்றுதான். ஆனால் ஏஐஎஸ்-156க்கு மூலமான ஐ.நா. ஒழுங்குமுறை 136இன் மிகைவெளியேற்றச் சோதனையில், பேட்டரி மின்வெளியேற்றத்தைத் 'துண்டிக்கும் அல்லது மட்டுப்படுத்தும்' வரை சோதனை தொடர வேண்டும் என்பது கருத்து. இரு சக்கர ஸ்கூட்டருக்கு இந்த 'அல்லது' பொருட்டே இல்லை. இரண்டில் எது நடந்தாலும் வண்டி உருண்டு ஓரங்கட்டும். ஒற்றைச் சக்கரத்திலோ துண்டிப்பு ஓட்டுபவரை முகங்குப்புறத் தள்ளும். முன்னறிவிப்போடு படிப்படியாக மட்டுப்படுத்துவதோ அவரை இறக்கிவிடும். மிகையேற்றத்திலும் இதே கதை. முழு மின்னேற்றத்தோடு இறக்கத்தில் பிரேக் பிடித்தால் மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரத்தை ஏற்கப் பேட்டரியில் இடமிராது. பாதுகாப்புச் சுற்று அதை அறுத்தால் பிரேக்கும் சேர்ந்து அறுந்துபோகும். கலத்தைக் காக்கும் துண்டிப்பும் மனிதரைக் காக்கும் தொடர்ச்சியும் மோதும் இடத்தில் எதற்கு முன்னுரிமை என்று தரநிலை சொல்லவில்லை. வண்டி ஓடும்போது மனிதருக்கு, நிற்கும்போதும் மின்னேறும்போதும் கலத்துக்கு என்று பிரிப்பதைத் தவிர வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இந்த வாதத்துக்கு ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடம் பொருத்தமான களம் என்பது அங்கே சோதனை மையம் இருப்பதால் மட்டுமல்ல. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வல்லம் வடகால் வரை பரந்த ஆலை வளாகங்களின் உட்சாலைகள்தான் இத்தகைய வண்டி சட்டப்படி முதலில் கால்வைக்கக்கூடிய இடம். 1988 சட்டத்தின் 2(28) பிரிவு, தொழிற்சாலையிலோ மூடிய வளாகத்திலோ மட்டும் பயன்படும்படி அமைத்த சிறப்பு வகை வண்டியை மோட்டார் வாகன வரையறையிலிருந்தே நீக்குகிறது. அந்த விலக்கை எளிதில் பெற்றுவிடலாம் என்று எண்ண வேண்டாம். சுரங்க டம்பர்களைப் பற்றிய வழக்குகளில், 1974ஆம் ஆண்டு போலானி ஓர்ஸ் தீர்ப்பு தொடங்கி, சாலைக்குத் தகுந்த அமைப்பு உள்ளதா என்பதையே உச்ச நீதிமன்றம் உரைகல்லாகக் கொண்டது. காற்றடைத்த டயர் பூட்டிய ஒற்றைச் சக்கரம் அந்த உரைகல்லில் தேறுவது ஐயமே. தேறினாலும், கால் கிலோவாட் வரம்பு நீங்குமே தவிரப் பொறுப்பு நீங்காது. தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987 திருத்தம் சேர்த்த 7ஆ பிரிவு, ஆலையில் பயன்படும் பொருளை வடிவமைப்பவரும் தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும் அதன் அமைப்பே பாதுகாப்பாக இருப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்றது. 2020ஆம் ஆண்டின் பணிப்பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்தக் கடமை தொடர்கிறது. அதில் வாட் கணக்கு எதுவும் இல்லை. நடைமுறையில் இயன்ற அளவு பாதுகாப்பு என்ற ஒரே கேள்விதான். அதற்கு விடை காணச் சோதனை மேசையில் வண்டியை முழு மின்னேற்றத்தில் ஒரு முறையும், ஐந்தில் ஒரு பங்கு மட்டும் எஞ்சிய நிலையில் மறுமுறையும் ஓடவிட்டு, 25 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்துவிசையைத் திடீரெனக் கேட்டு, கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடையே எவ்வளவு மிச்சம் என்று அளக்க வேண்டியிருக்கும்.