மேசை வந்த கதை

"மேசை" தமிழ்ச் சொல் அல்ல என்று சொன்னால் உங்களில் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். அது போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல். சாவி, அலமாரி, ஜன்னல் எல்லாம் அதே கப்பலில் வந்து இறங்கியவைதான். பீரோவின் கதை இன்னும் வேடிக்கை. பிரெஞ்சு மொழியில் அது எழுதும்போது பலகை மேல் விரிக்கும் முரட்டுத் துணியிலிருந்து பிறந்த சொல். பிறகு அந்தப் பலகைக்கே பெயரானது, பிறகு அந்தப் பலகை இருக்கும் அலுவலகத்துக்கு. நம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது பட்டுப்புடவையும் பத்திரமும் பூட்டி வைக்கும் இரும்பு அலமாரியாகிவிட்டது!

கட்டில், பலகை, மணை, முக்காலி என்று இத்தனை சொற்கள் நம்மிடம் இருக்கும்போது மேசைக்கு மட்டும் ஏன் கடன் வாங்கினோம்? வீட்டுக்குள் அப்படி ஒரு பொருளுக்குத் தேவை இல்லாமல் இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகளை வைத்துக்கொண்டு, மேசை இல்லாத காலத்தில் சாமான்கள் எங்கே இருந்தன, மேசை வந்தபின் அதன் மேல்பக்கம் ஏன் காலியாகவே இருப்பதில்லை என்று இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

முதலில் ஒரு பழைய கதை. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. 1965 வரை அது சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தத் தகடூரை வென்றதால் பெயர் பெற்றவன் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை. அவன் அரண்மனையில் முரசு வைப்பதற்கென்று ஒரு கட்டில் இருந்தது. முரசை நீராட்ட எடுத்துப்போன நேரத்தில், களைத்து வந்த புலவர் மோசிகீரனார் கட்டில் காலியாக இருப்பதைப் பார்த்துப் படுத்துத் தூங்கிவிட்டார். முரசுக் கட்டிலில் ஏறியவனை வாளால் வெட்டுவது வழக்கம். ஆனால் அரசன் சாமரம் எடுத்து அவருக்கு விசிறினான். புறநானூற்றில் 50-ஆவது பாட்டு இது. அரசனின் தமிழ்ப் பற்றுக்காக இதைப் பள்ளியில் சொல்லிக் கொடுப்பார்கள். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. தட்டையான ஒரு இடம் சும்மா இருந்தால் யாராவது எதையாவது அதன் மேல் வைத்துவிடுவார்கள் (தங்களையே கூட). அதைக் காலியாக வைத்திருக்கச் சேரனுக்கே மரண தண்டனை தேவைப்பட்டிருக்கிறது.

சரி, சாதாரண வீட்டுக்கு வருவோம். பழைய ஓட்டு வீட்டில் தட்டையான இடம் என்றால் தரைதான். காலையில் அதில் காய் நறுக்குவார்கள், மதியம் இலை போடுவார்கள், சாயங்காலம் பிள்ளைகள் உட்கார்ந்து படிப்பார்கள், இரவில் பாய் விரித்தால் அதுவே படுக்கையறை. ஒரே இடத்துக்கு நாலு வேலை என்பதால் ஒரு வேலை முடிந்ததும் அதற்கான பொருள்களை எடுத்தே ஆக வேண்டும். முசிறி, கரூர், நாமக்கல் பக்கம் காவிரிக் கரையில் விளையும் கோரையில் நெய்த பாயைக் காலையில் சுருட்டி மூலையில் நிறுத்தினால் படுக்கையறை மறைந்துபோகும். சாப்பாடு முடிந்தால் இலை வெளியே போகும், இடத்தை நீர் தெளித்து மெழுகிவிடுவார்கள். அடுத்த பந்திக்கு அங்கே ஒரு பருக்கை மிஞ்சியிருக்காது.

எடுத்த பொருளை எங்கே வைப்பது? அங்கேதான் நம் முன்னோர்கள் கெட்டிக்காரர்கள். பால், தயிர், வெண்ணெய் எல்லாம் உறியில் தொங்கும்; பூனைக்கு எட்டாது. விளக்கு சுவரிலுள்ள மாடத்தில். துணி கொடியில். முறமும் சல்லடையும் ஆணியில். எப்போதாவது வேண்டிய அண்டாவும் ஏணியும் பரணில். பருப்பு, புளி, மிளகாய் அடுக்குப்பானையில், ஒன்றின் மேல் ஒன்றாக. கவனித்துப் பாருங்கள், தொங்குவதும் சாய்வதும் அடுக்குவதுமாகத்தான் எல்லாமே இருக்கிறது. "இப்போதைக்கு இங்கே இருக்கட்டும்" என்று சும்மா வைத்துவிட்டுப் போவதற்கு இடமே கிடையாது.

எழுதுவதற்குக்கூட மேசை தேவைப்படவில்லை. ஓலையை இடது கையில் பிடித்து, வலது கை எழுத்தாணியால் கீறி எழுதினார்கள். நின்றுகொண்டும் எழுதலாம், திண்ணையில் சாய்ந்துகொண்டும் எழுதலாம். எழுதி முடித்தால் சுவடியைக் கயிற்றால் கட்டிவிடலாம், தனி ஏடு பறந்துபோகாது. காகிதம் அப்படியில்லை. அதற்கு அடியில் தட்டையாக ஏதாவது வேண்டும், பக்கத்தில் மைக்கூடு வேண்டும், மேலே பாரம் வைக்க வேண்டும். என் கணிப்பில் மேசையை நம் பக்கத்துக்குள் இழுத்து வந்தது சாப்பாடு அல்ல, காகிதம்தான்.

ஐரோப்பியர் இங்கே வந்தவுடன் மேசையும் வந்துவிடவில்லை. ராபர்ட் டி நொபிலி 1623-ல் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். ஆனால் அவர் காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, நம் ஊர் சந்நியாசியைப் போல வாழ்ந்தவர். மேசை நாற்காலி பரப்பும் வேலையை அவர் செய்திருக்க மாட்டார். திருப்பம் 1792-ல்தான். மைசூர்ப் போரில் திப்பு சுல்தான் தோற்று, சேலமும் பாராமகாலும் கம்பெனி கைக்குப் போயின. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் நிர்வாகப் பொறுப்பேற்றார். அவருக்கு உதவியாளராக தாமஸ் மன்றோ 1799 வரை இந்தப் பகுதியில் வேலை பார்த்தார். நிலத்தை அளந்து ரயத்துகளிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. ஒவ்வொரு வயலுக்கும் அளவு, ஒவ்வொரு விவசாயிக்கும் கணக்கு! எவ்வளவு காகிதம் சேர்ந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கச்சேரியில் மேசை போடாமல் அதைச் சமாளித்திருக்க முடியாது.

ஆனால் கடைக்காரர்களும் கணக்குப்பிள்ளைகளும் தங்களுக்கென்று ஒரு வழி வைத்திருந்தார்கள். தரையில் உட்கார்ந்து எழுதும் சாய்வுப் பெட்டி. அதன் மூடியே எழுதும் பலகை, உள்ளே காசும் சீட்டும். சேலம் லீ பஜார் போன்ற பழைய மண்டிகளில் வயதானவர்களைக் கேட்டால் இந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்வார்கள். பலகை சாய்வாக இருப்பதால் அதன் மேல் டம்ளர் வைக்க முடியாது, சாவிக்கொத்து வைத்தால் வழுக்கி மடியில் விழும். மூடியைத் திறக்க வேண்டுமானால் மேலே இருப்பதை எடுத்தாக வேண்டும். எனக்குத் தெரிந்து குப்பை சேரவே முடியாத மேசை இது ஒன்றுதான். இதை ஏன் கைவிட்டோமோ!

வீடே தொழிற்சாலையாக இருந்த குடும்பங்களில் ஒழுங்குக்கு வேறு காரணங்களும் உண்டு. சேலம் அம்மாப்பேட்டையில் குழித்தறி போட்ட வீடுகளில் முன்னறை முழுவதும் தறிதான். மேசை போட மூலைகூட மிஞ்சாது. குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி ஓடும் வீடுகளில் பஞ்சுத் தூசி பறந்து எல்லாவற்றின் மேலும் படியும். அதனால் திறந்து வைக்கும் பொருள் குறைவு. சிவதாபுரத்திலும் செவ்வாய்பேட்டையிலும் வெள்ளிக் கொலுசு செய்பவர்கள் பட்டறையைக் கூட்டிய தூசியைக்கூடக் கொட்டமாட்டார்கள். அதில் வெள்ளித் துகள் இருக்கும், சேர்த்து வைத்து உருக்கி எடுப்பார்கள். கண்ட சாமானையும் அங்கே போட்டு வைத்தால் நஷ்டம் அவர்களுக்குத்தான்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். இடைக்கால ஐரோப்பாவின் பெரிய வீடுகளிலும் சாப்பாட்டு நேரத்தில் மரக்கால்கள் மீது பலகையை வைத்து மேசை போடுவார்கள். விருந்து முடிந்ததும் பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு அந்த இடத்தில் ஆடுவார்கள், தூங்குவார்கள். ஜப்பானில் கால் மடக்கும் குட்டி மேசை இருந்தது. இரவில் அதை ஒதுக்கிவிட்டுப் படுக்கை விரிப்பார்கள். ஆக அங்கேயும் மேசை நிரந்தரமாக ஒரே இடத்தில் நிற்க ஆரம்பித்த பிறகுதான் இந்தத் தொல்லை வந்திருக்க வேண்டும்.

நம் வீடுகளில் அது நின்றது சுதந்திரத்துக்கு வெகுகாலம் கழித்து. முதலில் வந்தது படிக்கும் மேசை, பிறகு டி.வி. வைக்கும் மேசை. 2006-ல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 14 அங்குலப் பெட்டி. அதை வைக்க ஒரு ஸ்டாண்டு. பெட்டியின் தலை தட்டையாக இருந்ததால் அதற்கு ஒரு பூ வேலை செய்த துணி, துணிக்கு மேல் ஒரு பொம்மை, பொம்மைக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டை, ரேஷன் கார்டு... இப்போது தட்டை டி.வி. சுவரில் தொங்குகிறது. உறி திரும்பி வந்த மாதிரி! 2011-ல் அடுத்த அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. தரையில் கிடந்த அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் பதிலாக மேடை மேல் உட்காரும் கருவிகள் வந்தன. குனிந்து அரைத்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இடுப்பு உயரத்தில் இருந்த கொஞ்சநஞ்ச இடமும் அதோடு போனது.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய வீடு சுத்தமாக இருந்தது என்று பெருமை பேசுவது சுலபம். அதைச் சுத்தமாக வைத்தது யார்? ஒரு நாளைக்கு மூன்று முறை எச்சில் எடுத்து, சாணி கரைத்து, முட்டி போட்டு மெழுகியது பெண்கள். ஆண்கள் கை கழுவிவிட்டுத் திண்ணைக்குப் போய்விடுவார்கள். அதோடு, பல வீடுகளில் சாமான் குறைவாக இருந்ததற்குக் காரணம் வறுமை. கலைத்துப் போடுவதற்கே ஒன்றும் இல்லை. அந்த ஒழுங்கை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

தரைக்குத் திரும்ப முடியாதவர்களும் இருக்கிறார்கள். எங்கள் அம்மாயிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, கீழே உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்காகத்தான் டைனிங் டேபிள் வாங்கினோம். மூன்றே மாதத்தில் அதன் மேல் மின்கட்டண அட்டை, ஹெல்மெட், கல்யாணப் பத்திரிகைகள், என் புத்தகங்கள், முட்டை அட்டை (நாமக்கல் மாவட்டமாயிற்றே, முப்பது முட்டை அட்டை இல்லாத வீடு உண்டா?), சார்ஜர் வயர்கள். அம்மாயி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ரசம் புடவையில் சிந்திய அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

பழைய வீட்டிலிருந்து இரண்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். சுவரில் வரிசையாக ஆணி அடித்து ஹெல்மெட், சாவி, சார்ஜர், பில் சொருகும் பை எல்லாவற்றையும் தொங்கவிட்டோம். இரவுச் சாப்பாடு முடிந்து கடைசியாக எழுந்திருப்பவர் மேசையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், ஆணாக இருந்தாலும். துடைக்க வேண்டுமென்றால் மேலே இருப்பதை எடுத்துத்தானே ஆக வேண்டும்? பெரும்பாலும் கடைசியாக எழுந்திருப்பது அப்பா. முதல் வாரம் அவர் அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு எங்களுக்கு முன்னால் எழுந்துவிடப் பார்த்தார். இப்போது துணியைத் தோளில் போட்டுக்கொண்டுதான் சாப்பிடவே உட்காருகிறார். சுவரோடு மடக்கிவிடும் மேசை கடைகளில் வந்திருக்கிறது, அதை வாங்கினால் துடைக்கிற வேலையும் குறையும் என்று அவரிடம் சொன்னேன். "மடக்கிட்டா என் பேப்பரை எங்கடா வைக்கிறது?" என்று கேட்கிறார்.