ஹுரூப்
ஹுரூப் என்பது தப்பியோடுதலைக் குறிக்கும் அரபுச் சொல். சவூதி அரேபியாவில், அயல்நாட்டுத் தொழிலாளி பணியை விட்டு ஓடிவிட்டதாக அவருக்குப் பொறுப்பேற்ற முதலாளியான கஃபீல் அரசிடம் செய்யும் பதிவு இப்பெயரால் வழங்குகிறது. அங்குள்ள தமிழகத் தொழிலாளர்கள் அஞ்சும் சொல் இது.

பதிவானால் இக்காமா எனப்படும் வதிவிட அட்டை செல்லாததாகிறது. பிடிபடுவோர் தடுத்துவைக்கப்பட்டு நாடு கடத்தப்படுவர். மீண்டும் நுழையத் தடையும் உண்டு. ஊதிய பாக்கியைக் கேட்டவர்மீது பொய்யாகப் பதிவதும் நிகழ்கிறது. முதலாளி இதனை இணையவழியே செய்துவிடலாம். பொய்யென மெய்ப்பிக்கும் சுமையோ தொழிலாளியுடையது.

2022 அக்டோபரில் விதி மாற்றப்பட்டது. அதன்படி, புகாருக்குள்ளானவர் 60 நாட்களுக்குள் வேறு முதலாளியிடம் மாறலாம் அல்லது நாடு திரும்பலாம். தவறினாலே 'பணிக்கு வராதவர்' ஆவார். தொழிற்சட்டத்தின்கீழ் வராத வீட்டுப் பணியாளர்களுக்குத் தனி விதிகள் உள்ளன.