ஏறாத சந்தையில் ஜீவனம்

பங்குச் சந்தையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் விலைகள் மளமளவென்று ஏறிய வருஷங்களையும், அவை தலைகுப்புற விழுந்து குடும்பங்களைக் கலக்கிய வருஷங்களையுமே விஸ்தாரமாக எழுதியிருக்கிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவில், ஏறாமலும் இறங்காமலும் விலைகள் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்த நீண்ட காலங்களைப் பற்றி அவர்கள் சொன்னது மிகச் சொற்பம். ஆனால் பங்குகளை நம்பி வாழ்ந்த ஒரு மனிதனின் ஆயுளைக் கணக்கிட்டுப் பார்த்தால், அதன் பெரும்பகுதி கழிந்தது அந்த அசையாத வருஷங்களில்தான். அந்த வருஷங்களிலும் அவன் வீட்டில் உலை வைத்தாக வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியாக வேண்டும். தீபாவளியும் பொங்கலும் தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தன. கையில் இல்லாத பங்கை முதலில் விற்றுவிட்டு விலை இறங்கியபின் வாங்கிக் கொடுக்கும் வித்தையை அறியாதவன், அறிந்தும் அது தன் குடும்பத்துக்கு ஒவ்வாதென்று ஒதுக்கியவன், வாங்கி வைப்பது ஒன்றையே வழியாகக் கொண்டவன், விலை ஏறாத காலத்தில் எப்படி ஜீவித்தான் என்ற கேள்விக்கு விடை தேட வேண்டுமானால், மும்பையின் தலால் வீதியைக் காட்டிலும் சென்னையின் மந்தைவெளி நமக்கு அதிகம் உதவும் என்பது என் துணிபு.

மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துக்குத் தெற்கே, ராமகிருஷ்ண மடம் சாலையின் இருமருங்கிலும் பரவி, பக்கிங்ஹாம் கால்வாயின் கரைவரை நீளும் இந்தப் பேட்டையில் பெருந்தனக்காரர்கள் அதிகம் இருந்ததில்லை. லஸ் சர்ச் சாலையின் தோட்ட பங்களாக்களில் வக்கீல்களும் நீதிபதிகளும் வாழ்ந்தார்கள் என்றால், மந்தைவெளித் தெருக்களில் வாழ்ந்தவர்கள் அரசாங்கக் காரியாலயங்களின் குமாஸ்தாக்கள், ரயில்வே உத்தியோகஸ்தர்கள், பாங்கிச் சிப்பந்திகள், உபாத்தியாயர்கள், பென்ஷன் வாங்கி ஓய்ந்தவர்கள். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த சிறு தொகையை எங்கே போட்டு வைப்பது என்பது இவர்களுக்குப் பொழுதுபோக்கான விசாரம் அன்று. வயோதிக காலத்துக்கு வேறு ஆதாரம் இல்லாதவர்களின் விசாரம் அது.

அந்த விசாரத்துக்குப் பின்னால் ஒரு பயங்கரமான ஞாபகமும் இருந்தது. 1906ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலானபோது, வெள்ளைக்காரன் பாங்கி என்ற நம்பிக்கையில் அதில் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கான சென்னைக் குடும்பங்கள் நிராதரவாயின. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைவாசம் அனுபவித்தாரென்றாலும் போனது திரும்பவில்லை. அந்த நாசத்திலிருந்து பிறந்ததுதான் இந்தியன் பாங்கி. மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயரும் அவருடைய சகாக்களும் முன்னின்று நிறுவ, 1907 ஆகஸ்டில் அது கதவைத் திறந்தது. வட்டிக்குப் பணம் கொடுத்துவிட்டு யாரோ ஒருவருடைய நாணயத்தை நம்பி உட்கார்ந்திருப்பதைவிட, ஒரு ஸ்தாபனத்தில் தானே ஒரு பங்குதாரனாக இருந்து அதன் வரவு செலவு அறிக்கையை வாசித்துப் பார்ப்பது மேல் என்ற எண்ணம் இந்தப் பிரதேசத்தில் வேரூன்றியதற்கு, ஆர்பத்நாட் வீழ்ச்சி ஒரு முக்கிய காரணம் என்றே நான் கருதுகிறேன். 1872இலேயே மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் தோன்றி, அங்கத்தினர்களே பணம் போட்டு அங்கத்தினர்களே கடன் வாங்கும் முறையை அக்கம்பக்கத்தாருக்குப் பழக்கியிருந்தது என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

சென்னையில் பங்குச் சந்தை முதன்முதலாக 1920இல் அமைந்தது. முதல் உலக யுத்தம் முடிந்த கையோடு வீசிய வியாபார உற்சாகத்தில் சுமார் 100 பேர் அதில் அங்கத்தினரானார்கள். உற்சாகம் அடங்கி விலைகள் உறங்கத் தொடங்கியதும் அவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள், 1923இல் எஞ்சியவர்கள் 3 பேர், சந்தை மூடப்பட்டது. தென்னிந்தியாவில் நெசவாலைகள் பெருகியபின் 1937இல்தான் அது மறுபடியும் உயிர்பெற்றது. இந்தச் சிறு வரலாற்றில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: மந்தமான சந்தையில் முதலில் அழிந்தவர்கள், பங்கைக் கைமாற்றிவிடும் தரகிலும் விலை வித்தியாசத்திலும் பிழைத்தவர்கள். பங்கை வாங்கிப் பெட்டியில் வைத்தவனுக்கு, அந்தப் பங்கை எழுதி விற்க ஒரு கூடம் நகரத்தில் இல்லாமற்போன பதினான்கு வருஷங்களிலும், கம்பெனி சம்பாதித்த மட்டில் டிவிடெண்ட் வந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

இந்த டிவிடெண்டே மந்தைவெளிக் குடும்பத்தின் ஜீவாதாரம். பாரி, பின்னி, டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ், அசோக் லேலண்ட், இந்தியா சிமெண்ட்ஸ் என்று சென்னை மாகாணத்தின் கம்பெனிகளே பெரும்பாலும் இங்கே விரும்பப்பட்டன; காரணம், அவற்றின் தொழிற்சாலைகளை ரயிலிலோ பஸ்ஸிலோ போகும்போது கண்ணால் காண முடிந்தது, அங்கே வேலை செய்யும் ஓர் உறவினராவது ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் இருந்தார். வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அதில் கம்பெனியின் பெயர், பங்குகளின் எண்ணிக்கை, பத்திரங்களின் எண்கள், டிவிடெண்ட் வாரண்ட் வரும் மாதம் ஆகியவை குண்டு குண்டான எழுத்தில் குறிக்கப்பட்டிருக்கும். இந்தக் கடைசிக் குறிப்பு மிக முக்கியமானது. அக்காலத்தில் கம்பெனிகள் தத்தம் கணக்கு வருஷத்தைத் தாமே வகுத்துக்கொள்ளலாம். ஒன்று மார்ச்சில் கணக்கை முடிக்கும், மற்றொன்று ஜூனில், வேறொன்று செப்டம்பரிலோ டிசம்பரிலோ. ஆகையால் விவேகமுள்ள குடும்பத் தலைவன், எந்தக் கம்பெனி அதிக லாபம் தரும் என்று மாத்திரம் பாராமல், எந்தக் கம்பெனியின் வாரண்ட் எந்த மாதத்தில் வரும் என்பதையும் பார்த்து, வருஷத்தில் எந்தப் பருவமும் வெறுமையாகப் போகாதபடி தன் பங்குகளைப் பொறுக்கிச் சேர்த்தான். சம்பளம் இல்லாதவன் தனக்குத் தானே ஒரு சம்பளத்தை நிர்மாணித்துக்கொண்ட இந்தச் சாமர்த்தியத்தைப் பொருளாதார நூல்கள் பேசுவதில்லை. எனக்கோ அது நம் நடுத்தர வகுப்பின் மகத்தான சிருஷ்டிகளில் ஒன்றாகத் தோன்றுகிறது. வருமான வரிச் சட்டம் 1989இல் எல்லோருக்கும் மார்ச் மாத முடிவையே கணக்கு வருஷத்தின் முடிவாக்கியபின், டிவிடெண்டுகளெல்லாம் ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையே ஒரே சமயத்தில் குவியத் தொடங்கின. மற்ற மாதங்கள் வறண்டன. தலைமுறை தலைமுறையாகக் கட்டிவந்த ஓர் ஏற்பாடு சத்தமில்லாமல் குலைந்தது.

ஆனால் அதற்கு முன்பே அந்த ஏற்பாட்டின் மீது ஒரு பேரிடி விழுந்திருந்தது. 1974 ஜூலையில், விலைவாசி வருஷத்துக்கு 20 சதவீதத்துக்கும் மேல் ஏறிக்கொண்டிருந்த காலத்தில், ஜனங்களின் கையில் புழங்கும் பணத்தைக் குறைப்பதற்கென்று மத்திய சர்க்கார் ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தது. எந்தக் கம்பெனியும் தன் நிகர லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது பங்கின் முகமதிப்பில் 12 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் டிவிடெண்ட் வழங்கலாகாது என்பது அதன் சாரம். சந்தை அதிர்ந்து சரிந்ததைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். 100 ரூபாய் முகமதிப்புள்ள பங்குக்கு 20 ரூபாய் பெற்றுவந்த ஒரு விதவையின் கதியை எண்ணிப் பாருங்கள்: வரும்படி ஒரே நாளில் 12 ரூபாயாக வெட்டப்பட்டது, அரிசியும் எண்ணெயும் ஏறியபடியே இருந்தன, பங்கை விற்று உண்ணலாமென்றால் விலையும் விழுந்துகிடந்தது. பணப் புழக்கத்தைக் குறைப்பதாக எண்ணி இயற்றப்பட்ட சட்டம், சூதாட்டத்தின் வாசனையையே அறியாத குடும்பங்களைத்தான் வாட்டியது. இதைக் கொடுமை என்று சொல்ல நான் தயங்கவில்லை.

அந்த இருண்ட வருஷங்களில் அவர்களைத் தாங்கியது வேறொரு சட்டத்தின் எதிர்பாராத விளைவு. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1974 ஜனவரி முதல் அமலுக்கு வந்ததும், அந்நியக் கம்பெனிகள் பலவும் தங்கள் பாத்தியதையை 40 சதவீதமாகக் குறைத்துக்கொண்டு மீதியை இந்தியர்களுக்கு விற்க நேர்ந்தது. எந்த விலைக்கு விற்கலாம் என்பதை நிர்ணயித்தவர் புது டில்லியில் இருந்த மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டு அதிகாரி. அவர் வகுத்த விலையோ சந்தை கொடுக்கச் சித்தமாயிருந்த விலையைவிட வெகு குறைவு. கோல்கேட் முதலிய கம்பெனிகளின் பங்குகள் இவ்வாறு வெளிவந்தபோது, மந்தைவெளியில் வீட்டிலுள்ள பெரியவர்கள் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு மனு நிரப்பப்பட்டது. கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் பணம் திரும்பி வரும். பழைய பங்குதாரர்களுக்கென்று கம்பெனிகள் சலுகை விலையில் கொடுத்த உரிமைப் பங்குகளும் அப்படியே. வாங்கப் பணமில்லாதவன் அந்த உரிமையையே விற்று நாலு காசு பார்த்தான். சந்தை அசையாமலிருந்தும் இவர்கள் கையில் லாபம் சேர்ந்ததென்றால், அது சர்க்கார் குறித்த விலைக்கும் சந்தை விலைக்கும் இடையிலிருந்த வித்தியாசமே ஒழிய, வேறொன்றுமில்லை. 1992இல் அந்தக் கட்டுப்பாட்டு அதிகாரியின் பதவி ஒழிக்கப்பட்டதோடு அந்த ஊற்றும் வற்றியது.

அதே 1992 ஏப்ரலில் மும்பைக் குறியீட்டெண் சென்செக்ஸ் 4,400ஐத் தாண்டியது. பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் ஊழல் வெளிப்பட்டு அது விழுந்தபின், இடையிடையே எழுந்தும் படுத்தும், 2003 ஏப்ரலில் 3,000க்கும் கீழே கிடந்தது. பதினொரு வருஷம்! உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும்போது கிடைத்த தொகையை 1992 ஏப்ரலில் சந்தையில் போட்டுவிட்டு அப்படியே வைத்திருந்தவர், பதினொரு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது முதலைக்கூடக் காணவில்லை என்பதே இதன் பொருள். தேசியப் பங்குச் சந்தை 1994இல் வியாபாரத்தைத் தொடங்கி, கம்ப்யூட்டர் திரைகள் பேட்டைகளுக்குள்ளேயே வந்துவிட்டபடியால், பாரிமுனைக்குப் பஸ் ஏறி இரண்டாவது கடற்கரைச் சாலையிலிருந்த சென்னைச் சந்தை வரை போகும் சிரமம் நீங்கியது. சப்-புரோக்கரின் அறையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டு, காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்றரை மணி வரை திரையையே பார்த்திருக்கும் ஒரு புதிய வகுப்பு இங்கே உருவாயிற்று. இவர்களும் வாங்கி விற்பவர்களே. ஆனால் டிவிடெண்டுக்காக அன்று, வாரத்துக்காக வாங்கினார்கள். தேசியச் சந்தையில் அப்போது கணக்கு புதன்கிழமை தொடங்கிச் செவ்வாய்க்கிழமை முடிந்தது. மும்பைச் சந்தையில் திங்கள் முதல் வெள்ளி வரை. புதன்கிழமை வாங்கியதைச் செவ்வாய்க்கிழமைக்குள் விற்றுவிட்டால் முழுப் பணம் கட்டாமல் வித்தியாசத்தை மாத்திரம் தீர்த்துக்கொள்ளலாம். இங்கே தீர வேண்டியதை அங்கே மாற்றி இன்னும் சில நாள் தள்ளிப்போடவும் வழி இருந்தது. சந்தை மொத்தத்தில் ஏறாவிட்டாலும் ஒரு வாரத்துக்குள் ஐந்து சதவீதம் ஆறு சதவீதம் அலையும் பங்குகளைப் பிடித்து, மாதாந்தர மளிகைச் செலவை எடுத்தவர்கள் உண்டு. 2001 ஜூலையில், கணக்கை அடுத்த தவணைக்குத் தள்ளிப்போடும் பத்லா முறை ஒழிக்கப்பட்டு, ஒவ்வொரு நாளின் வியாபாரத்துக்கும் தனித்தனியே கணக்குத் தீர்க்கும் முறை முக்கியப் பங்குகளுக்கு வந்தபோது, ஒரு வாரம் என்ற அந்த அவகாசமே அவர்கள் காலடியிலிருந்து உருவப்பட்டது. அதே மாதத்தில் பரஸ்பர நிதி ஸ்தாபனமான யூனிட் டிரஸ்டும் தன் பிரசித்தமான யு.எஸ்.64 திட்டத்தில் யூனிட்டுகளைத் திரும்ப வாங்குவதை நிறுத்திவைத்ததால், பங்கே வேண்டாமென்று யூனிட்டில் போட்டு நிம்மதியாக இருந்தவர்களும் தவித்தார்கள். நாற்காலிகள் காலியாயின.

இத்தனையையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு உறுதிப்படுவது இதுதான். மந்தமான சந்தையில், வாங்கி விற்கும் விலை வித்தியாசத்தை மாத்திரம் நம்பிக் குடும்பம் நடத்திய ஒரு வகுப்பார் இங்கே நெடுங்காலம் நிலைத்ததில்லை. நிலைத்தவர்களுக்கு மூன்று தூண்களில் ஒன்றாவது இருந்தது: டிவிடெண்ட்; சர்க்கார் விதிகளின் இடுக்கில் கிடைத்த சலுகை விலைப் பங்கு; சந்தைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பென்ஷனோ வாடகையோ. கடைசியில் சொன்னதே எல்லாவற்றிலும் வலுவானது. பெரிய லாபக்காரர் என்று பேட்டையில் பேரெடுத்த பலரும் சொந்த வீட்டில் குடியிருந்து, மாதாமாதம் பென்ஷன் வாங்கியவர்கள். நட்டம் வந்த வருஷத்தில் விற்காமலிருக்கும் சக்தியை அவர்களுக்குக் கொடுத்தது புத்திசாலித்தனத்தைவிட அந்தப் பென்ஷன்தான். இன்றைய இளைஞர்களிடம் கைப்பேசியிலேயே சந்தை இருக்கிறது. ஆனால் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2024இல் வெளியிட்ட ஆய்வு, 2022-23ஆம் நிதியாண்டில் பங்குகளை அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்ற தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டமடைந்ததாகக் கூறுகிறது. அந்த வருஷமோ பெரும் வீழ்ச்சி கண்ட வருஷமும் அன்று.

சென்னைப் பங்குச் சந்தை 2015 மே மாதத்தில் செபியின் அனுமதியோடு தன் பணியை முடித்துக்கொண்டது. மந்தைவெளியின் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடிகளாகின்றன. அப்படி இடிக்கும்போது பரணிலிருந்தும் பீரோவின் அடித்தட்டிலிருந்தும் வெளிவரும் நோட்டுப் புத்தகங்களும், மஞ்சளேறிய பங்குப் பத்திரங்களும், மாற்றப்படாத வாரண்டுகளும் பழைய காகிதக்காரனிடம் எடைக்குப் போவதை நினைத்தால் மனம் பதைக்கிறது. ஏழு வருஷம் தொடர்ந்து எவரும் கேட்டு வாங்காத டிவிடெண்டும், அந்தப் பங்குகளும், இன்றைய கம்பெனிச் சட்டத்தின்படி முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்ச் சேருகின்றன. ஆயினும் உரியவர்களும் அவர்களுடைய வாரிசுகளும் தக்க ஆதாரங்களுடன் மனுச் செய்து அவற்றைத் திரும்பப் பெறலாம். ஆகையால் பாட்டனார் வீட்டைக் காலி செய்யும் அன்பர்கள் அந்தக் காகிதக் கட்டைத் தயவு செய்து ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பத்திரத்தில் உள்ள பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு கம்பெனிக்கு எழுதுங்கள். நோட்டுப் புத்தகத்தை மாத்திரம், அதிலிருந்து ஒரு பைசாவும் தேறாவிட்டாலும், எறிந்துவிடாதீர்கள்.