தொழிற்சாலைக்கு வெளியே வளர்ந்த ஷாக் அப்சார்பர்

மோட்டார் சைக்கிளோடு வந்த பின்பக்க ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு, கடையில் வாங்கிய வேறொன்றைப் பூட்டுவது வீண் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் பலர். படித்த பொறியாளர்களை வைத்துக் கம்பெனி யோசித்துப் போட்டதில் நாம் கைவைக்கலாமா என்ற தயக்கமும் அந்த நினைப்போடு சேர்ந்தே வருகிறது. பின்சக்கரத் தாங்கல் வளர்ந்த கதையைப் படித்தால் இந்தத் தயக்கம் கரைந்துவிடும். அந்தப் பாகத்தை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமான சிலர் பெரிய தொழிற்சாலைகளுக்கு வெளியே இருந்தவர்கள். கையில் கிடைத்த வண்டியைத் தாங்களே மாற்றிப் பார்த்தவர்கள்.

மோட்டார் சைக்கிள் பிறந்து பல பத்தாண்டுகள்வரை, பெரும்பாலான வண்டிகளில் பின்பக்கம் தாங்கல் என்றே ஒன்று கிடையாது. சக்கரத்தின் அச்சு ஃபிரேமோடு இறுகப் பூட்டியிருக்கும். இருக்கைக்கு அடியில் மட்டும் இரண்டு ஸ்பிரிங் இருக்கும். அவை ஓட்டுபவரின் முதுகை ஓரளவு காப்பாற்றின, சக்கரத்தைக் காப்பாற்றவில்லை. மேட்டில் மோதிய சக்கரம் தரையை விட்டு எழும்பும். எழும்பிய நொடியில் அதற்குப் பிடிப்பும் இல்லை, பிரேக்கும் இல்லை. தீர்வு தெரியாமல் இருந்ததா என்றால், இல்லை. இங்கிலாந்தின் ஃபிலிப் வின்சென்ட் 1928-லேயே பின்பக்கத் தாங்கலுக்குக் காப்புரிமை பெற்றுத் தன் வண்டிகளில் அதைப் பொருத்தினார். பின்பக்கம் ஆடினால் வண்டி வளைவில் தள்ளாடும் என்று மற்றவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. அமுங்கிய ஸ்பிரிங் வாங்கிய விசையை அப்படியே திருப்பித் தரும். அதை அடக்க ஆள் இல்லாவிட்டால் வண்டி துள்ளிக்கொண்டேதான் போகும். தயக்கம் நீண்டது: அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் தன் பெரிய வண்டிக்குப் பின்பக்க ஷாக் அப்சார்பர் வைத்தது 1958-இல்தான்.

ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் வேலையைச் செய்து காட்டியவர்களில் ஒருவர் பெல்ஃபாஸ்ட் நகரின் ரெக்ஸ் மக்காண்ட்லெஸ். முறையான பொறியியல் படிப்பு இல்லாமல் தானாகவே கற்றுக்கொண்டவர். 1944-இல் அவர் கட்டிய வண்டியில், பின்சக்கரம் சுவிங் ஆர்ம் என்ற அசையும் கையில் மேலும் கீழும் அசைந்தது. அதைத் தாங்கச் செங்குத்தாக நின்றவை சிட்ரோயன் காரிலிருந்து எடுத்த எண்ணெய் ஷாக் அப்சார்பர்கள். ஒரு காரின் பாகத்தைக் கழற்றி இருசக்கர வண்டிக்குப் பூட்டியதை, இன்றைய பேச்சில் வெளிச்சந்தைப் பொருத்தல் என்றே சொல்லலாம். அந்த அனுபவத்தோடு அவர் நார்ட்டன் நிறுவனத்துக்காக வடிவமைத்த ஃபெதர்பெட் ஃபிரேம், 1950 மான் தீவு டிடி பந்தயத்தில் சீனியர், ஜூனியர் இரண்டு பிரிவுகளிலும் முதல் மூன்று இடங்களைப் பிடித்தது.

இங்கே ஒருவர் மறுக்கலாம்: புல்லட்டின் பின்பக்கத் தாங்கலை உருவாக்கியது தொழிற்சாலைதானே? உண்மைதான். ராயல் என்ஃபீல்டின் பொறியாளர்கள் 1948-லேயே சுவிங் ஆர்மும் எண்ணெய் ஷாக் அப்சார்பரும் கொண்ட புல்லட்டைக் கரடுமுரடான போட்டிப் பாதைகளில் இறக்கி, சந்தேகப்பட்டவர்களின் வாயை அடைத்தார்கள். 1955-இல் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, சென்னைத் திருவொற்றியூரில் தயாரான புல்லட்டும் அதே அமைப்போடுதான் வந்தது. ஆனால் அந்த அமைப்பு இன்னொன்றையும் செய்தது. ஷாக் அப்சார்பரைத் தனிப் பாகமாக வெளியே கொண்டுவந்து வைத்தது. மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எவரும் கழற்றலாம். மாற்றும் வாய்ப்பு உரிமையாளர் கைக்கு வந்தது அப்போதுதான்.

உள்ளே நடப்பதைப் பார்த்தால் மாற்றத்தின் தேவை புரியும். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது, குழாய்க்குள் பிஸ்டன் எண்ணெயைச் சின்னத் துளைகள் வழியே தள்ளுகிறது. துள்ளலின் ஆற்றல் அங்கே சூடாக மாறி வெளியேறுகிறது. பள்ளங்கள் தொடர்ந்தால் எண்ணெய் சூடேறி, காற்றோடு கலந்து நுரைக்கும். நுரை துளையில் எளிதாக ஓடிவிடுவதால் அடக்கும் சக்தி குறைகிறது. 1950-களில் பிரான்சின் டி கார்போன், மிதக்கும் ஒரு பிஸ்டனுக்கு மறுபுறம் அழுத்த வாயுவை அடைத்து இந்த நுரைப்பைத் தடுத்தார். அந்த வாயு அமைப்பை ஒற்றை ஷாக் அப்சார்பராக, மண்பாதைப் பந்தயமான மோட்டோகிராஸின் வண்டிக்குக் கொண்டுவந்தவர் பெல்ஜியத்தின் லூசியன் டில்கென்ஸ். அவரும் வெளியாள்தான். யமஹா அதை ஏற்று, 1973-இல் 250 சிசி உலகப் பட்டத்தை வென்றது. மோட்டோகிராஸ் ஓட்டிய கென்ட் ஓலின் 1976-இல் சுவீடனில் தன் பெயரிலேயே ஷாக் அப்சார்பர் நிறுவனம் தொடங்கினார். இரண்டே ஆண்டில் அவருடைய பாகம் பூட்டிய வண்டி உலகப் பட்டம் வென்றது.

தொழிற்சாலை இத்தகைய பாகத்தை ஏன் முதலிலேயே தரவில்லை என்று கேட்டால், அதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. அறுபது கிலோ ஆள் தனியாகப் போவதற்கும், தொண்ணூறு கிலோ ஆள் மனைவியையும் மூட்டையையும் ஏற்றிப் போவதற்கும் அது ஒரே ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். விலையையும் கட்டுக்குள் வைக்க வேண்டும். எல்லாருக்கும் பொதுவாகத் தைத்த சட்டை எவருக்கும் கச்சிதமாக இராது. தவறான பாகத்தைப் பூட்டினால் வண்டி கெடும் என்ற எச்சரிக்கையும் சரியானதே. நீளம் கூடினால் பின்பக்கம் உயர்ந்து, ஹேண்டில் திரும்பும் தன்மையே மாறிவிடும். ஸ்பிரிங் தேவைக்கு மேல் விறைப்பானால், பழைய இறுகிய ஃபிரேமின் குணம் திரும்பி வந்து சக்கரம் எழும்பும். விலை உயர்ந்தது என்பதற்காகவோ, நிறம் பளபளக்கிறது என்பதற்காகவோ வாங்குகிறவர்களுக்கு இதுதான் நேரும். ஆனால் இவை மாற்றக் கூடாது என்பதற்கான காரணங்கள் ஆகமாட்டா. அளந்து மாற்ற வேண்டும் என்பதற்கான காரணங்கள். மக்காண்ட்லெஸும் டில்கென்ஸும் செய்தது அதுதான்.

ஆகவே புதியதை வாங்குமுன், இருப்பதன் அடியில் உள்ள வளையத்தைத் திருப்பி உங்கள் எடைக்குச் சரிசெய்து பாருங்கள். அந்த வளையம் ஸ்பிரிங்கின் வலுவைக் கூட்டாது, வண்டி நிற்கும் உயரத்தை மட்டுமே மாற்றும். அதன் பிறகும் வண்டி துள்ளினாலோ அடித்தட்டினாலோ, உங்கள் எடைக்கும் சுமைக்கும் ஏற்ற ஸ்பிரிங் கொண்டதை, பழையதன் நீளத்திலேயே கேட்டு வாங்குங்கள். சாலையில் உங்கள் உயிரைப் பிடித்து வைத்திருப்பது, அந்தச் சக்கரம் தரையைத் தொடும் உள்ளங்கை அகல இடம்தான்.