சாலையும் மலபார் அகதிகளும்

திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைத்தெருவில் நுழைந்தால் மலையாளத்தோடு தமிழும் காதில் விழும். கொத்துவால் தெரு, சபாபதி கோயில் தெரு என்று பெயர்களிலேயே தமிழ் வாடை. இந்தச் சந்தையை உண்டாக்கியவர் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசன். அவர் திவானாயிருந்த 1789-1798 காலம், அந்த நாடு போரையும் மலபார் அகதிகளையும் ஒருசேரச் சுமந்த காலம். கருவூலத்துக்குப் பணம் தேவைப்பட்டது. ஆலப்புழைத் துறைமுகமும் சாலையும் அவரால் செழித்தன.

அகதிகளின் வரவு அதற்கும் முன்பே தொடங்கியிருந்தது. 1766இல் மைசூரின் ஹைதர் அலி மலபாருக்குள் படையெடுத்து வந்தார். கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரி தம் அரண்மனைக்குத் தீயிட்டு அதிலேயே மாண்டார். குடும்பத்தார் தெற்கே திருவிதாங்கூருக்கு ஓடினர். ஹைதரின் மகன் திப்பு காலத்தில் அரச குடும்பங்கள், நம்பூதிரிகள், நாயர்கள் என மறுபடியும் பெருங்கூட்டம் வந்தது. திருவிதாங்கூர் மன்னர் கார்த்திகைத் திருநாள் ராமவர்மா எல்லோருக்கும் இடம் கொடுத்தார். 'தர்மராஜா' என்ற பெயர் அவருக்கு நிலைக்க இதுவும் ஒரு காரணம். திப்புவின் பகைக்கும் இதுவே ஒரு காரணமானது: 1789 டிசம்பர் 29 அன்று திருவிதாங்கூரின் எல்லை அரணான நெடுங்கோட்டையை அவர் தாக்கினார்.

திப்புவுடனான 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் மலபார் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அகதிகள் ஊர் திரும்பினர். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

திரும்பிய மலபார் மன்னர்கள் நாட்டை மீட்கவில்லை. கம்பெனிக்கு வரி வசூலித்துக் கொடுப்பவர்களானார்கள். ஓடிப்போன ஜன்மிகளின், அதாவது நிலக்கிழார்களின், நிலங்களை ஊரிலேயே இருந்தவர்கள் உழுது மைசூருக்கு வரி கட்டியிருந்தார்கள். கம்பெனி, திரும்பி வந்த ஜன்மியையே முழு உடைமையாளராக ஏற்றது. உழுதவர் எந்நேரமும் வெளியேற்றப்படக்கூடிய குத்தகைக்காரரானார். 19ஆம் நூற்றாண்டு மாப்பிளை எழுச்சிகளின் வேர் இந்தத் தவறில் இருக்கிறது என்று, 1881இல் நில உரிமையை விசாரிக்க நியமிக்கப்பட்ட வில்லியம் லோகன் எழுதினார்.

திரும்பாதவர்களும் உண்டு. வடமலபாரின் கோலத்துநாட்டு அரச குடும்பத்தின் ஒரு கிளை திருவிதாங்கூரின் மாவேலிக்கரையில் தங்கியது. அந்தக் கிளையிலிருந்து திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குத் தத்தெடுக்கப்பட்டவரின் மகன்தான், எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயில்களைத் திறந்த ஆலயப் பிரவேச அறிவிப்பை 1936இல் வெளியிட்ட மன்னர் சித்திரைத் திருநாள்.

1983 முதல் தமிழ்நாட்டுக்கு வந்த ஈழத் தமிழ் அகதிகளின் முன்னும், திரும்புவது அல்லது தங்குவது என்ற இதே இரண்டு வழிகள்தான். இலங்கைப் போர் 2009இல் முடிந்தது. யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் ராணுவம் பிடித்த நிலம் இன்னும் முழுதாக விடப்படவில்லை. இந்தியாவின் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலோ இலங்கையின் பெயரே இல்லை. தமிழ்நாட்டின் அகதி முகாம்களுக்கு 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியது. அங்கே பிறந்தவர்களே இன்று பிள்ளை பெற்றுவிட்டார்கள். திரும்ப விரும்புவோருக்கு அவர்களின் காணியை இலங்கை அரசும், தங்க விரும்புவோருக்குக் குடியுரிமையை இந்திய அரசும் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும்.