நலம் விசாரித்தலும் நூல் விசாரித்தலும்

இருவர் சந்திக்குங்கால் நலம் விசாரிப்பது உலக வழக்கம். அதனை அடுத்து, "இப்பொழுது என்ன நூல் படிக்கிறீர்கள்?" என்று விசாரிப்பதும் நம்மவரிடையே நெடுநாளாக உள்ள வழக்கமே. பெரும்பாலும் இவ்வினாவின் பயன் ஒரு புத்தகம் கைம்மாறுவதோடு முடிந்துவிடும். ஆயின், ஒருமுறை இவ்வினா தமிழிலக்கிய வரலாற்றின் போக்கையே திருப்பிவிட்டது.

1880ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த இருபத்தைந்து வயதினரான உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்களைப் படித்திருக்கிறீர் என்று முதலியார் கேட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவர் ஐயர். ஆகவே அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் என்று ஒரு நீண்ட பட்டியலையே ஒப்பித்தார். கேட்டவர் முகத்தில் வியப்பின் சாயலும் தோன்றவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். அவற்றுள் ஒன்றையேனும் ஐயர் படித்திருக்கவில்லை.

பிறகு முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியை ஐயரிடம் கொடுத்தார். அது சமண காவியம். அதன் மரபு தெரியாமல் பொருள் விளங்காது. எனவே ஐயர் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்றார். ஓர் இல்லத்தில் தோரணம் கட்டி விழாக்கோலம் செய்திருந்தார்கள். காரணம் விசாரித்தபோது, பல மாதங்களாக அங்கே படித்துவந்த சிந்தாமணி அன்று நிறைவெய்தியது என்றும், அதற்கே அவ்விழா என்றும் அறிந்தார். எந்த நூலின் பொருளுக்காக அவர் ஏங்கிக்கொண்டிருந்தாரோ, அந்நூல் அதே ஊரில் ஒரு வீட்டுக் கூடத்தில் ஆண்களும் பெண்களும் கேட்டு மகிழும் வாழ்வுடைய நூலாக இருந்தது! 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் தொடர்ந்து வெளிவந்தன.

ஏடுகள் அழிந்தமைக்குச் செல்லையும் நெருப்பையும் ஆடிப் பெருக்கையும் குறை கூறுவது நமக்குப் பழக்கம். ஒரு தெருவார் படிப்பதை மறு தெருவார் விசாரியாமல் விட்டதும் அதற்கொரு காரணம் என்பேன். ஏடு இருந்தது, பொருள் அறிந்தோரும் இருந்தனர். கேட்பார்தாம் இல்லை.

இவ்வழக்கம் நாம் குடியேறி வாழும் இச்சேர நாட்டிற்கும் புதிதன்று. சிலப்பதிகாரப் பதிகம் என்ன சொல்கிறது? குணவாயிற் கோட்டத்தில் இருந்த இளங்கோவடிகளிடம் குன்றக் குறவர் வந்து, வேங்கை மரத்தடியில் தாம் கண்ட பெண்ணைப் பற்றிக் கூறுகின்றனர். உடனிருந்த சாத்தனார் அவள் வரலாற்றை விரித்துரைக்கிறார். அடிகள் அதனைக் காப்பியமாக்குகிறார். சாத்தனாரின் மணிமேகலையையோ இளங்கோவடிகள் கேட்டருளினார் என்று அந்நூற் பதிகம் கூறுகின்றது. ஒருவர் இயற்ற ஒருவர் கேட்டமையால் பிறந்தவை நம் இரட்டைக் காப்பியங்கள். அக்கோட்டம் நமக்கு வடக்கே கொடுங்கல்லூரை அடுத்த மதிலகத்தில் இருந்தது என்பாரும் உளர். வஞ்சி கருவூரே என்று வாதிடுவாரும் உளர். அவ்வழக்கை ஓர் ஆண்டு மலரில் தீர்த்துவிட முடியாது.

திருவள்ளுவர் 'கல்வி', 'கல்லாமை' என்னும் இரு அதிகாரங்களை அடுத்துக் 'கேள்வி'யை வைத்தார். எழுத்தறிந்தோர் சிலராகவே இருந்த காலத்தில் கம்பனும் வில்லியும் பலருக்குச் செவிவழியே சென்றார்கள். பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களும் அத்தகையனவே: அல்லி அரசாணி மாலையையும் நல்லதங்காள் கதையையும் திண்ணையில் ஒருவர் இராகமிட்டுப் படிக்க, தெருவே கேட்டு அழுதது.

கேரளத்திலேயே இதற்கு உயிருள்ள சான்று இரண்டு உண்டு. பாலக்காடு, திருச்சூர்ப் பகுதிப் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் நடைபெறும் தோல்பாவைக் கூத்தில் இன்றும் கம்பராமாயணப் பாடல்கள் பாடப்படுகின்றன. அவற்றைப் பாடிப் பொருள் விரிப்போர்க்குப் 'புலவர்' என்றே பெயர். தமிழ்ப் பள்ளியில் பயிலாத அப்புலவர்கள் நூற்றுக்கணக்கான கம்பன் பாடல்களைத் தந்தையிடம் கேட்டு மனத்திற் கொண்டவர்கள். மற்றொன்று நமக்கு இன்னும் அண்மையது. கோதுருத்திலும் கொச்சிக் கடற்கரை ஊர்களிலும் கிறித்தவ மக்கள் ஆடும் சவிட்டு நாடகத்தின் பழம் பாடல்கள் தமிழ் விரவியவை. 'காறல்மான்' நாடகத்தை இயற்றியவர் தமிழகத்திலிருந்து வந்த சின்னத்தம்பி அண்ணாவி என்பது வழிவழிச் செய்தி. நாடகப் பிரதியை அவர்கள் 'சுவடி' என்றே வழங்குகின்றனர். பிரெஞ்சு நாட்டுப் பேரரசன் கதை தமிழ்ச் சொல்லில் மலையாளக் கரையில் ஆடப்படுகிறது என்றால், நூல்கள் செல்லும் வழியை யார் வரையறுக்க வல்லார்?

அச்சு நூலின் கதையும் இங்கேதான் தொடங்குகிறது. இந்திய மொழி எழுத்தில் இந்நாட்டில் அச்சான முதல் நூல், 1578இல் கொல்லத்தில் வெளிவந்த 16 பக்கத் தமிழ் நூலாகிய 'தம்பிரான் வணக்கம்'. அதனை அளித்த ஹென்றிக் ஹென்றிக்ஸ் அடிகளாரின் அடுத்த நூலாகிய 'கிரிசித்தியானி வணக்கம்' 1579 நவம்பர் 14ஆம் நாள் கொச்சியில் அச்சாயிற்று. அது ஆசிரியன் வினவ மாணாக்கன் விடையிறுக்கும் வினாவிடை நூல். ஒருவர் தனித்திருந்து படிப்பதற்கன்றி, இருவர் எதிரெதிர் இருந்து சொல்வதற்கென ஆக்கப்பட்டது என்பதைக் கருதுக. ஒரு நூற்றாண்டு கழித்து, 1679இல், திருச்சூர் மாவட்டத்து அம்பழக்காட்டில் அந்தாம் தெ புரோயென்சா அடிகளாரின் தமிழ்-போர்ச்சுகீசிய அகராதி அச்சேறியது. நம் நாட்டில் மறக்கப்பட்ட அதனை வத்திக்கான் நூலகத்திற் கண்டு, 1966இல் கோலாலம்பூரிலிருந்து மறுபடியும் வெளியிட்டவர் ஈழத்துத் தமிழறிஞர் தனிநாயக அடிகளார்.

இருபதாம் நூற்றாண்டில் திண்ணையின் இடத்தை வார இதழ் பிடித்தது. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது, ஒரு வீட்டார் வாங்கிய இதழ் பல வீடுகளுக்கு நடந்தது. தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்துப் பைண்டு செய்து, மகளுக்குச் சீர்வரிசையோடு அனுப்பிய தாய்மாரும் உண்டு. திருநெல்வேலியில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் வீட்டு முற்றத்தில் கூடிய 'வட்டத்தொட்டி'யோ இக்கலையின் சிகரம். ஒரு கம்பன் பாடலைப் பலமுறை சொல்லிச் சொல்லி, நண்பர் அனைவரும் அதில் திளைக்கும் வரை அவர் அடுத்த பாடலுக்குப் போகமாட்டார். பதவுரையும் இலக்கணக் குறிப்பும் செய்யாததை அம்முற்றம் செய்தது.

நூலைத் தேடி மக்கள் வரட்டும் என்று இராமல், மக்களைத் தேடி நூல் சென்றதும் உண்டு. சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் தம் நூலக விதிகள் ஐந்தையும் வெளியிட்ட 1931ஆம் ஆண்டிலேயே மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் நூலகம் ஊர் ஊராகச் சென்றது. கேரளத்தில் பி. என். பணிக்கர் 1945இல் 47 வாயனசாலைகளை இணைத்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கத்தை அமைத்தார். அவர் மறைந்த ஜூன் 19 இங்கே வாசிப்பு நாளாகப் பள்ளிதோறும் கொண்டாடப்படுவதை நம் குழந்தைகள் அறிவார்கள்.

ஆனால் அந்நாளில் அவர்கள் கொண்டுசெல்லும் புத்தகம் மலையாளப் புத்தகம். மட்டாஞ்சேரியிலும் கோட்டைக் கொச்சியிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. வேலிப் பகுதிச் சலவைத் தொழிலாளரின் முன்னோர் ஒல்லாந்தர் காலத்தில் வந்தவர் என்பர். வீட்டில் தமிழ் ஒலிக்கிறது; பிள்ளைகளுள் பலருக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. இதனை எண்ணி நம்மிற் பெரியோர் வருந்துகின்றனர். வருத்தம் நியாயமே. எனினும் கூத்துமாடத்துப் புலவரை நினையுங்கள். எழுத்து வரும்வரை காத்திருந்தால் நம் பிள்ளைகள் கதை கேட்கும் பருவத்தைக் கடந்துவிடுவர். நாமோ வாங்கிய நூலை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறோம். பக்கத்து வீட்டில் என்ன நூல் இருக்கிறது என்பதும் அறியோம்.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு மலருக்கென ஒவ்வொரு வீட்டாரும் தாம் அப்பொழுது படித்து மகிழும் நூலின் பெயரையும், பிடித்த காரணத்தை ஓரிரு வரியிலும் எழுதித் தரட்டும். எழுத வராத சிறார் தாம் கேட்ட கதையின் பெயரைச் சொல்லட்டும். அருகிலிருக்கும் பாட்டியோ தாத்தாவோ எழுதிக்கொள்ளலாம். அச்சிட நான்கு பக்கம் போதும். விளம்பரப் பக்கங்களில் நான்கைக் குறைத்துக்கொள்ளச் செயலாளர் இசைவார் என்று நம்புகிறேன்.